இடமிருந்தும் இடமில்லை

உம்மா எங்களைப் பிரிந்து இரண்டாண்டுகள் ஆகிவிட்டன. அவர்களது குரல் எங்களிடம் எஞ்சியிருப்பது ஒரேயொரு இடத்தில்தான். 1994-இல் நடந்த தங்கையின் திருமண வீடியோ கேசட்டில். அதை ஸ்டூடியோவில் கொடுத்துக் கணினிக் கோப்பாக மாற்றி வைத்திருந்தேன். அளவு ஆறு ஜிபி.

விடுமுறைக்கு வந்திருந்த தங்கை மறுநாள் காலை மலேசியா திரும்பவேண்டும். "காக்கா, உம்மா பேசுவதை எனக்கும் பதிந்து தாருங்கள்" என்று 32 ஜிபி பென் டிரைவ் ஒன்றை நீட்டினாள். கோப்பைக் காப்பி செய்து அதில் பேஸ்ட் செய்தேன். உடனே ஓர் அறிவிப்புத் தோன்றித் தடுத்தது. மீண்டும் முயன்றேன்; மீண்டும் அதே தடை.

"இடம் போதவில்லை போலும். அதிலுள்ள பிள்ளைகளின் படங்களை அழித்துவிடுங்கள்" என்றாள் தங்கை. அவள் கண்கள் கலங்கியிருந்தன. நானும் அழிக்கத் துணிந்துவிட்டேன். அப்போதுதான் ஓர் ஐயம் எழுந்தது. பென் டிரைவில் இருபது ஜிபிக்கு மேல் காலியாக இருக்கிறதே! மூடிய அறிவிப்பை மறுபடி வரவழைத்து நிதானமாகப் படித்தேன். 'இடமில்லை' என்று அது சொல்லவேயில்லை. 'சேரவேண்டிய இடத்தின் கோப்பு முறைமைக்கு இக்கோப்பு மிகப் பெரியது' என்றே சொல்லியது.

கல்லூரியில் பயிலும் என் மகன் விளக்கினான். அந்த பென் டிரைவ் 'ஃபேட்32' என்னும் முறையில் அமைந்தது. 1996-இல் விண்டோஸ் 95-இன் திருத்திய பதிப்போடு வந்த முறை அது. ஒரு கோப்பின் அளவைக் குறித்துக்கொள்ள அதில் 32 பிட்டுகளே உண்டு. ஆகவே ஒரு கோப்பு 4,294,967,295 பைட்டுகளைத் தாண்டக் கூடாது. அதாவது நான்கு ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் இவ்விதி மாறாது. பிள்ளைகளின் படங்கள் அனைத்தையும் அழித்திருந்தாலும் உம்மாவின் குரல் அதில் ஏறியிருக்காது!

பரிகாரம் எளிது. 2006-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த 'எக்ஸ்ஃபேட்' முறைக்கு பென் டிரைவை மாற்றி ஃபார்மட் செய்யவேண்டும். ஆனால் ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பவை போய்விடும். எனவே முதலில் படங்களைக் கணினிக்குக் காப்பி செய்தோம். 'கட்' செய்யவில்லை. எண்ணிக்கையைச் சரிபார்த்து, சில படங்களைத் திறந்தும் பார்த்தோம். அதன் பிறகே ஃபார்மட் செய்து, படங்களையும் வீடியோவையும் ஏற்றினோம். பழைய தொலைக்காட்சிகள் சில இம்முறையைப் படிக்கமாட்டா என்பதால், கணினியில் போட்டுப் பார்க்கும்படி தங்கையிடம் சொல்லிவைத்தேன். பதிவு முடிந்ததும் அவசரப்பட்டுப் பிடுங்காமல், 'எஜெக்ட்' கொடுத்தே பென் டிரைவை எடுத்தோம்.

அன்றிரவு எல்லோரும் அமர்ந்து பார்த்தோம். பந்தியில் நின்று, "எல்லோரும் சாப்பிட்டாச்சா?" என்று உம்மா கேட்கிறார்கள். தங்கை விம்மி அழுதாள்.

தடை வந்தவுடன் பதறுகிறோம். எதையாவது அழித்தால் வழி பிறக்கும் என்று எண்ணுகிறோம். என்ன சொல்லித் தடுக்கிறது என்பதைப் பொறுமையாகப் படிப்பதில்லை. அந்த ஒரு வரியைப் படித்ததால் என் தங்கை பிள்ளைகளின் படங்களையும் இழக்கவில்லை; தாயின் குரலையும் இழக்கவில்லை.