முதல் வகுப்பில் மட்டக்களப்பு வரை

மட்டக்களப்புக்கு வான்வழியே வருகிறவர் வாவிக்குள் இருக்கும் திமிலைத்தீவில் இறங்குகிறார். அங்குள்ள விமானத்தளம் 1958இல் திறக்கப்பட்டது. 1983இல் விமானப்படை அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 35 ஆண்டுகள் கழிந்து, 2018 மார்ச்சில்தான் மறுபடி பொதுமக்கள் விமானங்களுக்குத் திறந்துவிட்டார்கள். 2013இல் பறக்கத் தொடங்கிய சினமன் ஏர் தன் பயண அட்டவணையில் மட்டக்களப்பையும் சேர்த்திருந்தது. அதன் செஸ்னா கேரவன் விமானத்தில் எட்டே இருக்கைகள். பிஸினஸ் கிளாஸ் என்று திரை போட்டுப் பிரிக்க அதில் இடமில்லை. கட்டணத்தைப் பார்த்தால் எட்டுப் பேருமே அந்த வகுப்புக்காரர்கள்தான். பாசிக்குடாவுக்கு உல்லாசப் பயணம் வருகிறவர்களை மனத்தில் வைத்துத் திறந்த வழி அது.

அந்த விமானம் பறக்கட்டும். ஆனால் கிழக்குக்கு ஒரு நல்ல இருக்கை போட அரசு காசு செலவழிப்பதென்றால், முதலில் தண்டவாளத்தின் மேல் போடட்டும். கொழும்புக் கோட்டையிலிருந்து மட்டக்களப்பு வரை ஏறக்குறைய 350 கிலோமீட்டர் ஓடும் அந்தப் பாதையை முனைக்கு முனை பார்த்தவர்களுக்கு இது புரியும்.

உதயதேவி, புலதிசி, மீனகயா, இரவுத் தபால் வண்டி என்று எதில் ஏறினாலும் பொல்கஹவெல வரை மலையகத்துக்குப் போகிறவர்களின் பாதையும் நம்முடைய பாதையும் ஒன்றுதான். அங்கே மலைப்பாதை வலப்பக்கம் பிரிந்து கண்டி, எல்ல, பதுளை என்று ஏறிப் போகிறது. உலகம் முழுவதிலுமிருந்து வருகிறவர்கள் ஜன்னலோர இருக்கைக்குப் போட்டி போடுவது அந்தப் பாதையில். காட்சிப் பெட்டிகளும் சுற்றுலா விளம்பரங்களும் அதற்குத்தான். நம் வண்டி குருநாகலைக் கடந்து மாகோவில் நிற்கிறது. வடக்கே யாழ்ப்பாணத்துக்குப் போகிற தண்டவாளம் நேரே போக, நாம் கிழக்கே திரும்புகிறோம்.

இனி வறண்ட வலயம். தாதுசேனன் 5ஆம் நூற்றாண்டில் கட்டிய கலாவெவ, அவுக்கன, கெக்கிராவ, ஹபரண. குளமும் வயலும் காடும் மாறி மாறி வருகின்றன. ஹபரணையைச் சுற்றிய காடு யானைகளின் நடைபாதை. 2025 பெப்ரவரி 20ஆம் தேதி விடியுமுன், கொழும்பு நோக்கி வந்த பயணிகள் ரயில் இந்தப் பகுதியில் ஒரு யானைக் கூட்டத்தின் மீது மோதித் தடம் புரண்டது. ஆறு யானைகள் செத்தன. பயணிகள் தப்பினார்கள். இந்தக் காட்டுப் பகுதியில் இரவில் வண்டி மெதுவாகத்தான் போக வேண்டும். அரைமணி நேரம் தாமதமானால் ஆகட்டும் என்று சொல்லப் பயணிகளும் பழக வேண்டும். வேகத்தைச் சொகுசு என்று நினைக்கிற பழக்கம் விமானத்தோடு இருக்கட்டும்.

கல்லோயாச் சந்தியில் திருகோணமலைக்குப் போகும் பாதை பிரிகிறது. பிறகு மின்னேரியா, ஹிங்குராக்கொட, பொலன்னறுவை. வடையும் கச்சானும் பெட்டிக்குள் ஏறுகின்றன. பொலன்னறுவையில் பாதிப் பெட்டி காலியாகும். மிச்சம் இருப்பவர்களின் பேச்சில் தமிழ் கூடும்.

அடுத்தது மன்னம்பிட்டிப் பாலம். மகாவலியின் மேல் நிற்கும் இந்த இரும்புப் பாலம் 1922இல் கட்டப்பட்டது என்பார்கள். நெடுங்காலம் ரயிலும் பேருந்தும் லொறியும் இந்த ஒரே பாலத்தில்தான் போய்வந்தன. ரயில் வந்தால் மற்றதெல்லாம் இரு கரையிலும் காத்திருக்கும். ஜப்பானிய உதவியுடன் பக்கத்திலேயே வீதிக்குத் தனிப் பாலம் வந்தது 2007இல். இதே மன்னம்பிட்டியில் 2023 ஜூலை 9ஆம் தேதி இரவு, கதுருவெலயிலிருந்து அக்கரைப்பற்றுப் பக்கம் போன பேருந்து ஒன்று கொட்டலியப் பாலத்தைக் கடக்கும்போது ஆற்றுக்குள் விழுந்தது. பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். ரயிலில் இடமில்லாதபோதும் ரயில் இல்லாத நேரத்திலும் கிழக்கு மாகாணத்துச் சனம் நம்பிப் போவது இந்த இரவுப் பேருந்துகளைத்தான்.

பெட்டியில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். மகரகம புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய்த் திரும்பும் தாய், கட்டுநாயக்காவில் இறங்கி ஊர் போகும் வளைகுடாப் பணிப்பெண், விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் மாணவன், புறக்கோட்டையில் துணி எடுத்துவரும் காத்தான்குடி வியாபாரி. "பஸ்ஸுல வந்தா இடுப்பு ரெண்டாப் போகும் மனே, இதுல காலை நீட்டலாம்" என்று ஒரு அம்மா சொன்னார். முதுகு சாய்த்து உட்கார ஓர் இருக்கை, சுத்தமான கழிப்பறை, மழை உள்ளே வராத ஜன்னல். சுற்றுலா வருகிறவர் கேட்பதும் இவ்வளவுதான், மருத்துவமனையிலிருந்து திரும்புகிறவர் கேட்பதும் இவ்வளவுதான். இந்த இருவரையும் ஒரே பெட்டியில் ஏற்றிவர ரயிலால் மட்டுமே முடியும்.

வெலிக்கந்தை தாண்டினால் புணானை. பன்னிரண்டு பேரையாவது கொன்ற ஆட்கொல்லிச் சிறுத்தை ஒன்றை ஷெல்டன் ஏகர் என்பவர் 1924இல் இங்கே சுட்டார். பாடம் பண்ணிய அந்த உடலைக் கொழும்பு அரும்பொருட்காட்சியகத்தில் வைத்தார்கள். போர்க்காலத்தில் இந்தக் காட்டுவழி வேறு விதமான அச்சத்தைக் கண்டது. 1990களில் மட்டக்களப்புக்கு ரயில் நின்றுபோனது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. சமாதான காலத்தில், 2003இல்தான் மறுபடி வண்டி ஓடியது. அந்த ஆண்டுகளில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு "கோச்சி" என்று ஊரார் சொல்லும் ரயில், பெரியவர்கள் சொல்லும் கதை.

வாழைச்சேனை வந்ததும் காற்றில் உப்பு வாசம் தெரியும். வைக்கோலிலிருந்து காகிதம் செய்வதற்கென்று 1950களில் தொடங்கிய காகித ஆலை இங்கேதான். ஒரு காலத்தில் ஊருக்கே சோறு போட்ட ஆலை, பின்னர் ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்தது.

அடுத்தது கல்குடா. பாசிக்குடாவுக்குப் போகிறவர் இறங்க வேண்டிய நிலையம். நெடுந்தூரம் உள்ளே நடந்தாலும் இடுப்பளவே தண்ணீர் இருக்கும் குடா அது. 1978 நவம்பர் 23ஆம் தேதிச் சூறாவளி, போர், 2004 சுனாமி என்று எல்லாம் அடித்துப்போட்ட கரையில் 2011 முதல் பெரிய ஹோட்டல்கள் எழுந்தன. விமானத்தில் வருகிறவரை ஹோட்டல் வாகனம் ஏற்றிப்போய் ஹோட்டலிலேயே இறக்கிவிடும். அவர் காசு அந்த மதிலைத் தாண்டி வெளியே வருவது குறைவு. கல்குடாவில் ரயிலைவிட்டு இறங்குகிறவர் முச்சக்கரவண்டிக்காரரோடு பேரம் பேசுவார், தேநீர்க் கடையில் நிற்பார், எருமைத் தயிர்ச் சட்டி ஒன்று வாங்குவார். சுற்றுலாவால் ஊருக்கு என்ன கிடைத்தது என்று கேட்கும் மக்களுக்கு இந்த நிலையமே ஒரு பதிலாக அமையலாம். இன்றைக்கு அதன் நடைமேடையில் அதற்கான அடையாளம் எதுவும் இல்லை.

பிறகு ஏறாவூர். வாவியின் வடமுனை இங்கிருந்து தொடங்குகிறது. தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் நீர் அது. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, விழும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரையில் கடலும் கடையும் வீதியும். படுவான்கரையில் வயலும் மாடும், மழை பெய்தால் துண்டிக்கப்படும் ஊர்களும். மட்டக்களப்பு நிலையத்தோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, அலைச்சறுக்குக்காரர்கள் தேடிவரும் பொத்துவில் அறுகம்குடா எல்லாவற்றுக்கும் இங்கிருந்து பேருந்துதான். ரயிலைத் தெற்கே நீட்ட வேண்டும் என்ற கோரிக்கை பழையது, நியாயமானது.

அது வரும்போது வரட்டும். உடனே செய்யக்கூடியது ஒன்றிருக்கிறது. மட்டக்களப்புக்கு ஓடும் ஒவ்வொரு வண்டியிலும் நல்ல முதல் வகுப்புப் பெட்டி ஒன்றைச் சேர்த்து, அதை வேறு பாதைக்குப் பிடுங்கிக்கொண்டு போகாமல் ரயில்வே திணைக்களம் காப்பாற்ற வேண்டும். கழிப்பறையும் ஜன்னலும் மூன்றாம் வகுப்பிலும் அதே தரத்தில் இருக்க வேண்டும். கிழக்கைப் பார்க்க வருகிற வாசகர்களும், விமானத்தில் வந்தாலும்கூட, திரும்பும் வழியிலாவது கோச்சியில் ஏறுங்கள். இருக்கையை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். அந்த இருக்கைகளுக்கு ஆள் இருக்கிறது என்று கணக்கு காட்டினால்தான் பெட்டி வரும்.