பச்சைக் கிண்ணமும் நீல மீனும்

நம்ம விருத்தாசலத்துக்குப் பீங்கான் ஃபியூஸ் கேரியரும் பொம்மையும் வாங்க ஆள் வரும். மீன் வாங்க யாரும் வரமாட்டார்கள். ஆனாலும் இங்கே ஒரு கலர்மீன் கடை உண்டு. சரக்கு சென்னை கொளத்தூரிலிருந்து வரும். இரண்டாம் வருடம் படிக்கும்போது அங்கே ஒரு ஃபைட்டர் மீன் வாங்கப் போனேன்.

"எந்த வால் வேணும் தம்பி?" என்றார் கடைக்காரர். "வால்ல என்னண்ணே இருக்கு?" என்று தெரியாமல் கேட்டுவிட்டேன். ஒரு வகுப்பே எடுத்துவிட்டார். முந்தானை மாதிரித் தொங்கினால் வெயில்டெயில். விரித்தால் 180 டிகிரி, அதாவது சரியாக அரை வட்டம் வந்தால் ஹாஃப்மூன். ஜவ்வு குறைந்து, கதிர்கள் சீப்புப் பல்லாக நீட்டிக்கொண்டிருந்தால் கிரவுன்டெயில். குட்டை வால் என்றால் பிளாக்கட், தாய்லாந்தில் சண்டைக்கு விட்ட ஜாதி. (அந்த நாடு 2019-ல் இந்த மீனைத் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்துவிட்டது.) ஹாஃப்மூன் அழகுதான், ஆனால் அந்தக் கனத்த வாலை இழுத்துக்கொண்டு அது நீந்தப் படும் பாடு பார்க்கச் சகிக்கவில்லை. நான் வாங்கியது வெயில்டெயில். கையில் காசும் அவ்வளவுதான்!

நிறம் ராயல் புளூ. நமக்கு நீலம் என்றால் கோபால்ட் ஆக்சைடு. இதன் உடம்பில் என்ன ஆக்சைடு? ஒன்றுமில்லை. சிவப்புக்கும் கறுப்புக்கும் நிறமி உண்டு, நீலத்துக்குக் கிடையாது. தோல் செல்களில் அடுக்கடுக்காக இருக்கும் குவானின் படிகத் தகடுகளில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதுதான் அந்த நீலம். அடுக்கின் அளவு மாறினால் பச்சை. ராயல் புளூ ஜோடி சேர்ந்தாலும் குஞ்சுகளில் சுமார் பாதிதான் ராயல் புளூவாம். மீதி டர்காய்ஸும் ஸ்டீல் புளூவும். நம்ம டெஸ்ட் டைல் கதைதான் போங்கள்.

இப்பேர்ப்பட்ட மீனை ஹார்லிக்ஸ் பாட்டிலில் விட மனசு வரவில்லை. பிராக்டிகலில் நானே செய்த பச்சைக் கிண்ணத்தில் விட்டேன். காப்பர் கார்பனேட் போட்ட கிளேஸ். அன்றைக்குக் கரண்ட் போய், சூளையில் வெப்பம் முழுசாக ஏறவில்லை. பளபளப்பு வராததை 'மேட் ஃபினிஷ்' என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மீன் மேலே வந்து வந்து வாயைத் திறந்தது. ஃபைட்டருக்குக் காற்றை நேரடியாகச் சுவாசிக்கத் தனி உறுப்பு உண்டு என்று படித்திருந்தேன். அதனால் சும்மா இருந்துவிட்டேன். ஐந்தாம் நாள் காலை, நீலம் மங்கி அடியில் கிடந்தது.

சாரிடம் கிண்ணத்தைக் காட்டினேன். உள்பக்கத்தை விரலால் தடவினார். "வேகாத கிளேஸ்ல இருந்து காப்பர் தண்ணியில இறங்கும்டா. குளத்துல பாசியையும் நத்தையையும் கொல்ல மயில்துத்தம் போடறாங்களே, அதுல என்ன இருக்கு?"

காப்பர்தான். எந்த ஆக்சைடு எந்த நிறம் தரும் என்று பரீட்சையில் பட்டியல் எழுதி முழு மார்க் வாங்கியவன் நான்.

இப்போது கண்ணாடி ஜாடியில் வேறொன்று இருக்கிறது, சிவப்பு. பச்சைக் கிண்ணம் பக்கத்திலேயே, பேனா போட. பேனா எடுக்கக் கையை நீட்டினால் போதும், செவுளை விரித்துக்கொண்டு சண்டைக்கு வந்துவிடுகிறது.