ஓடும் காலின் நாடி

ஓடுகிற இளைஞன் கெண்டைக்கால் வலி என்றால், பிடிப்பு என்று தைலம் தருவதே நம் வழக்கம். நம் மாணவன் ஒருவனுக்கும் ஈராண்டுகள் அதுவே கிடைத்தது. ஓடினால் வலி, நின்றால் தணிவு. படுத்திருக்கையில் பாதநாடி சீராகவே துடித்தது. பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்தச் சொன்னார் ஒரு மருத்துவர்; நாடி மறைந்தது. நலமுள்ளோர் சிலரிடமும் இவ்வாறு நேருமாதலின், ஸ்கேன் எடுத்தே உறுதிசெய்தனர்.

முழங்காலின் பின்னுள்ள தமனி, கெண்டைத் தசையால் நெரிபடும் நோய் இது. தமனி அங்கே வழிமாறிச் செல்வதை, 1879இல் எடின்பரோ மருத்துவ மாணவர் ஆண்டர்சன் ஸ்டூவர்ட், துண்டிக்கப்பட்ட காலொன்றில் கண்டெழுதினார். தமனி கெடுமுன் தெரிந்தால் தசையை விடுவிப்பதே பெரும்பாலும் போதும். கெட்டபின் சிரையொன்றை எடுத்து மாற்றுவழி அமைக்க நேரும். நம் மாணவனுக்குத் தசையை விடுவித்ததோடு முடிந்தது. இளங்கால்களின் வலியை இனியேனும் நாம் செவிமடுப்போம்.