எந்தக் கேஸு?

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டீக்கடை. அண்ணாச்சி ஒருவர் பேப்பரைச் சத்தமாகப் படித்தார்: 'அழகி கொலை.'

"அந்த மாதிரி பொம்பளையா?" என்றது எதிர் பெஞ்ச்.

"ஆமா."

அவ்வளவுதான். யார் கொன்றது, பிள்ளைகுட்டி உண்டா... ஒருத்தரும் கேட்கவில்லை. பேச்சு விசைத்தறிக் கூலிக்குப் போய்விட்டது. நானும் கேட்காமல்தான் பஸ் ஏறினேன்.

தறி ஓட்டுகிறவர் செத்தால் தொழிலாளி. பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவர் என்றால் ஆசிரியை. பாலியல் தொழில் செய்தவர் மட்டும் எங்கள் பத்திரிகைகளில் 'அழகி'. நானும் அப்படித் தலைப்பு வைத்தவன்தான், மறைப்பானேன்!

கொல்கத்தாவில் 1999 செப்டம்பரில் அப்படி ஒரு பெண்ணைத் தரையிலும் சுவரிலும் தலையை மோதியே கொன்றான் ஒருவன். ஆயுள் தண்டனையை எதிர்த்து சுப்ரீம் கோர்ட் வரை போனான். 2011 பிப்ரவரியில் அப்பீலைத் தள்ளிய நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் ஞான் சுதா மிஸ்ராவும், பாலியல் தொழிலாளியும் மனுஷிதான், அவரைத் தாக்கவோ கொல்லவோ எவருக்கும் உரிமையில்லை என்று எழுதினார்கள். யோசித்துப் பாருங்கள், இதைக்கூட ஒரு தீர்ப்பில் எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது! அதே வழக்கின் தொடர்ச்சியாக 2022 மே மாதம் இன்னொரு உத்தரவு. இவர்கள் புகார் கொடுத்தால் போலீஸ் பாரபட்சம் காட்டக்கூடாது. பத்திரிகைகள் இவர்களை அடையாளம் காட்டக்கூடாது.

அடுத்த முறை சங்கரன்கோவில் போனபோது அண்ணாச்சியிடம் கேட்டேன், ஆளைப் பிடித்துவிட்டார்களா என்று.

"எந்தக் கேஸு?" என்றார்.