வீட்டின் கடைமடை

தாமிரபரணிக் கரையில் பிறந்தவர்களுக்குத் தண்ணீரைப் பற்றி யாரும் பாடம் சொல்லித் தரவேண்டியதில்லை. பொதிகை மலையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலைச் சேரும் அந்த நதியின் குறுக்கே ஏழு பழைய அணைக்கட்டுகளும், ஆங்கிலேயர் காலத்தில் கட்டிய ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுமாக எட்டு இருக்கின்றன. அவற்றில் ஒன்றாகிய கன்னடியன் அணைக்கட்டின் கால்வாய் நமது கல்லிடைக்குறிச்சி வழியாகப் போகிறது. அந்தக் கால்வாயின் யோக்கியதையை அணைக்கட்டின் அருகில் நின்று தீர்மானிக்க முடியாது. அங்கே எப்போதும் தண்ணீர் புரண்டுகொண்டுதான் இருக்கும். கடைமடை வயலுக்குப் போய், வரப்பில் நின்று பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இதே பரீட்சையை வீட்டுக்குள் வந்திருக்கும் இண்டர்நெட்டுக்கும் வைத்துப் பார்க்கவேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

நமது ஊர் அக்கிரகாரத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அவற்றின் அமைப்பு தெரிந்திருக்கும். அகலம் கொஞ்சம், நீளமோ ரயில் வண்டியைப் போல. வாசல் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, அடுக்களை, புழக்கடைக் கிணறு என்று போய்க்கொண்டே இருக்கும். இண்டர்நெட் கம்பியைக் கொண்டுவருகிறவர் தெருவிலிருந்துதான் வருகிறார். ஆகையால் அவர் ரூட்டர் என்னும் பெட்டியை ரேழிச் சுவரில் மாட்டிவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். ரேழியில் உட்கார்ந்திருக்கும் ஆண்பிள்ளைகளுக்குச் சுபிக்ஷம். கூடத்தில் அரைச் சுபிக்ஷம். இரண்டாங்கட்டில் பஞ்சம். அடுக்களையில் சுத்த சூனியம்.

இதற்கு அந்தப் பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஸர் ஜகதீச சந்திர போஸ் 1895-ம் வருஷத்தில் கல்கத்தாவில் பலர் முன்னிலையில் கம்பியில்லா அலைகளைச் சுவருக்கு அப்பால் அனுப்பி, அங்கிருந்த மணியை அடிக்கச் செய்தார் என்பதைப் படித்திருக்கிறோம். ஆனால் அலை சுவரைக் கடக்கும் என்பது ஒன்று. எத்தனை சுவரைக் கடக்கும் என்பது வேறொன்று. வைஃபை என்று நாம் சொல்வது பெரும்பாலும் இரண்டு வகை அலைகளில் நடக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 6 சென்டிமீட்டர். இரண்டாவது வேகத்தில் கெட்டி. ஆனால் சுவர் என்றால் சீக்கிரம் சோர்ந்துவிடும். முதலாவது நிதானமானது, இன்னும் ஓரிரண்டு சுவர்களைத் தாங்கும். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக ஒன்றரை அடி கனத்தில் நமது பாட்டனார் எழுப்பிய சுவர்கள் நான்கைக் கடந்து அடுக்களைக்குப் போவதென்றால் இரண்டுக்குமே சக்தி போதவில்லை.

இதனால் வந்த சங்கடங்களைக் கேளுங்கள். 2020-ம் வருஷம் மார்ச்சு மாதம் கொரோனாவினால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்ட பிறகு, நாம் ரேழியின் ஒரு மூலையில் உட்கார்ந்து கைபேசியில் கணக்குப் பாடம் நடத்தினோம். நமது தம்பியின் பெண் அதே ரேழியின் மறு மூலையில் தன் ரஸாயனப் பாடத்தைக் கேட்டாள். வேறிடம் போனால் பாடம் அறுந்துவிடும். ஆகவே பித்தகோரஸ் தேற்றத்தில் கந்தக அமிலம் கலந்தது. தெருவில் போகிறவர்கள் இரண்டையும் இலவசமாகக் கற்றுக்கொண்டார்கள்.

ஆனால் நம் மனத்தை உறுத்தியது இதுவன்று. வீட்டில் எழுபத்து நான்கு வயதான நமது அத்தை இருக்கிறார். அவருடைய ராஜ்யம் இரண்டாங்கட்டும் அடுக்களையும். அவருடைய ஒரே பெண் கடல் கடந்து இருக்கிறாள். வாரம் ஒரு முறை முகம் பார்த்துப் பேசுவாள். அதற்காக அத்தை முழங்கால் வலியுடன் இரண்டு நிலைப்படிகள் தாண்டிக் கூடத்துக்கு வந்து, எல்லாருக்கும் நடுவில் உட்கார்ந்து, "நன்னா இருக்கேன், நன்னா இருக்கேன்" என்று நான்கு தடவை சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். ஒரு நாள், "இவ்வளவு தானா பேச்சு, அத்தை?" என்று கேட்டோம்.

"எல்லாரும் கேட்டுண்டிருக்கறச்சே என்னத்தைப் பேசறது, அம்பி?" என்றார்.

இரண்டாவது ரூட்டர் வாங்குவதென்று அன்றைக்கே தீர்மானமாயிற்று. "அடுக்களைக்கு எதற்கு இண்டர்நெட்? அங்கே என்ன, அப்பளமா டவுன்லோடு செய்யப்போகிறீர்கள்?" என்று சிற்றப்பா பரிகாசம் செய்தார். அப்பளத்துக்குப் பெயர்போன ஊரில் இருந்துகொண்டு அந்தப் பரிகாசத்துக்குக் கோபித்துக்கொள்ள முடியுமா? சிரித்துவிட்டுக் காரியத்தைப் பார்த்தோம்.

இரண்டாவது பெட்டியை வைப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, கம்பியே இல்லாமல், முதல் பெட்டி சொல்வதைக் கேட்டு மறுபடியும் சொல்லும் 'ரிப்பீட்டர்' ஒன்றை நடுவில் வைப்பது. சுலபமானதுதான். ஆனால் ஒரே அலைவரிசையில் கேட்கவும் வேண்டும், சொல்லவும் வேண்டும் என்றால், கேட்கும்போது சொல்ல முடியாது. சொல்லும்போது கேட்க முடியாது. அதனால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. அன்றியும், முதல் பெட்டியின் குரல் தேய்ந்துபோன இடத்தில் அதை வைத்தால், தேய்ந்த குரலையே அது திருப்பிச் சொல்லும். இரண்டாவது வழி, ரேழியிலிருந்து இரண்டாங்கட்டுக்கு ஒரு கேபிளை இழுத்துவிடுவது. முறுக்கிய நான்கு ஜோடிக் கம்பிகள் அடங்கிய சாதாரண நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரையில் தளராமல் கொண்டுபோகும். அக்கிரகாரத்து வீடு எவ்வளவுதான் நீளமானாலும் 100 மீட்டர் இல்லை. மின்சாரக் கம்பிகளை விட்டு விலகி, உத்தரத்தை ஒட்டி அதைக் கொண்டுபோனோம்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம் வருகிறது. இரண்டு பெட்டிகளையும் கேபிளினால் இணைத்துவிட்டால் வேலை தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்த வீடுகளில், முன்பு ரேழியிலாவது கிடைத்துக்கொண்டிருந்ததும் போய்விடுவதுண்டு. அதன் காரணத்தைத் தண்ணீரின் பாஷையில் சொன்னால் எளிதில் விளங்கும்.

ஒரு மடையில் யாருக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைக்கும் நீர்ப்பாய்ச்சி ஒருவர் இருப்பதுபோல, வீட்டிலுள்ள ஒவ்வொரு கைபேசிக்கும் கணினிக்கும் ஓர் எண் கொடுத்து, "வெளியே போகிற வழி இது" என்று சொல்லும் உத்தியோகம் ரூட்டருக்கு உண்டு. அதற்கு டி.ஹெச்.சி.பி. என்று பெயர்; 1993-ம் வருஷத்தில் ஏற்பட்ட முறை. ரூட்டருக்கும் ஓர் எண் உண்டு. பெரும்பாலும் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்றிருக்கும். இந்த வரிசை எண்களை வீட்டுக்குள் மட்டும் வழங்குவதற்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் 'அம்மா' இருப்பதால் குழப்பம் வருகிறதா? அவரவர் வீட்டுக்குள் கூப்பிட்டால் அவரவர் அம்மா திரும்பிப் பார்க்கிறார். அதுபோலத்தான் இதுவும்.

ஆனால் ஒரே வீட்டில் இரண்டு பெட்டிகள் 192.168.1.1 என்ற பெயருடன் இருந்து, இரண்டுமே எண்களை விநியோகம் செய்யப் புறப்பட்டால் என்ன ஆகும்? ஒரு கைபேசி இரண்டாவது பெட்டியிடம் எண் வாங்கிக்கொள்ளும். அந்தப் பெட்டி, "வெளியே போக என்னிடம் வா" என்று சொல்லும். அதனிடமோ வெளியே போகும் வழி கிடையாது. ஒரு மடைக்கு இரண்டு நீர்ப்பாய்ச்சிகள் முறை வைத்தால் எந்த வயலுக்கும் தண்ணீர் பாயாது அல்லவா?

ஆகையால் செய்யவேண்டியது இதுதான். இரண்டாவது பெட்டியை முதலில் தனியாக ஒரு கணினியுடன் கேபிளினால் இணைத்து, அதன் எண்ணைக் கொண்டு அதன் நிர்வாகப் பக்கத்துக்குள் நுழையவேண்டும். அந்த எண் சாதாரணமாகப் பெட்டியின் அடிப்புறத்தில் அச்சிட்டிருக்கும். முதல் பெட்டி 192.168.1.1 ஆனால், இரண்டாவதற்கு 192.168.1.2 என்று பெயர் மாற்றவேண்டும். முதல் பெட்டி மற்றவர்களுக்குக் கொடுக்கும் எண்களில் இது சேராதபடி பார்த்துக்கொள்வது அவசியம். பிறகு இரண்டாவதன் டி.ஹெச்.சி.பி. உத்தியோகத்தை நிறுத்திவிடவேண்டும். கடைசியாக, ரேழியிலிருந்து வரும் கேபிளை 'வான்' என்று எழுதிய துவாரத்தில் செருகாமல் 'லான்' என்று எழுதிய துவாரங்களில் ஒன்றில் செருகவேண்டும். 'வான்' துவாரத்தில் செருகினால், பின்கட்டு தனிக் குடித்தனம் போய்விடும். அங்கிருந்து இண்டர்நெட் வந்தாலும் வரலாம், ஆனால் ரேழியிலுள்ள கணினி பின்கட்டிலுள்ள அச்சு யந்திரத்தைக் காண முடியாது. சில புதுப் பெட்டிகளில் 'ஆக்ஸெஸ் பாயிண்ட்' என்று ஒரு விசை இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் இவ்வளவையும் பெட்டியே செய்துகொள்ளும்.

இன்னும் இரண்டு சில்லறை விஷயங்கள். இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே வைஃபை பெயரும் ஒரே கடவுச்சொல்லும் ஒரே பாதுகாப்பு முறையும் வைத்தால், நடந்துகொண்டே பேசுகிறவரின் கைபேசி தானாகவே ஒன்றை விட்டு மற்றொன்றைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரண்டும் ஒரே சானலில் பேசக்கூடாது. ஒன்றன்மேல் ஒன்று படியாமல் பேசுவதற்கு 1, 6, 11 என்ற மூன்று சானல்கள் வழக்கமாக உதவுகின்றன. ரேழிக்கு 1, பின்கட்டுக்கு 11 என்று நாம் வைத்தோம். இரண்டாவது விஷயம், மின்சாரம் நின்றால் ஒரு பெட்டிக்கு மட்டும் பாட்டரி வைத்துப் பிரயோஜனமில்லை, இரண்டுக்கும் வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் நம்மைக் கவர்ந்தது இரண்டாவது பெட்டியின் குணம். முதல் பெட்டிக்கு இருக்கும் எல்லாச் சாமர்த்தியமும் அதற்கும் உண்டு. ஆயினும் அதிகாரத்தை விட்டுக்கொடுத்து, கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை மட்டும் ஏற்றுக்கொள்கிறது. அப்படி ஏற்றுக்கொண்ட பிறகுதான் அடுக்களைக்கு வெளிச்சம் வந்தது. குடும்பங்களுக்கும் சபைகளுக்கும் இதில் ஒரு பாடம் இருப்பதாகப் பள்ளிக்கூட உபாத்தியாயராகிய நமக்குத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை.

தம்பியின் பெண் இப்போது இரண்டாங்கட்டு ஜன்னலோரத்தில் உட்கார்ந்து படிக்கிறாள். அத்தை ஞாயிற்றுக்கிழமை தோறும் கைபேசியுடன் அடுக்களைக்குள் போய், ஒரு கதவைச் சாத்திக்கொள்கிறார். முதல் வாரம் முக்கால் மணி நேரம் பேசினார். என்ன பேசினார் என்பது நமக்குத் தெரியாது; தெரியவேண்டியதுமில்லை. வெளியே வந்தபோது கண் சிறிது சிவந்திருந்தது. இரவுச் சாப்பாட்டின்போது தாமாகவே, "முழங்காலை டாக்டரிடம் காட்டணுமாம், பெண் சொல்றா" என்றார். மறு வாரம் அம்பாசமுத்திரத்துக்கு அழைத்துப் போனோம். இந்த வலி மூன்று வருஷமாக இருக்கிறதாம். கூடத்தில் அவர் சொன்ன "நன்னா இருக்கேன்"களை எண்ணிப் பார்த்தோம்.

நேயர்கள் ஒரு நாள் சாவகாசமாகத் தங்கள் கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு, வாசலிலிருந்து புழக்கடை வரையில் நடந்து பார்க்கட்டும். அடையாளக் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, எந்த இடத்தில் கடைசிக் கோடும் மறைகிறது என்று கவனிக்கட்டும். அந்த இடத்தில் பகலெல்லாம் இருப்பவர் யார் என்று ஒரு முறை பார்த்துவிட்டு, பிறகு கடைக்குப் போய்க் கேபிள் எத்தனை மீட்டர் வேண்டும் என்று சொல்லலாம்.