பின்வரிசைப் பிள்ளை

நம் தருமபுரிக்கு அடுத்த சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன், ஐந்து வயதில் பேருந்து ஏறியதால் வலக்கால் சிதைந்தவர். கைப்பந்து ஆடிக்கொண்டிருந்த அவரை உயரம் தாண்டச் சொன்னவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் இராஜேந்திரன். பின்னர் பெங்களூருவில் சத்தியநாராயணா பயிற்சியளித்தார். 2016ஆம் ஆண்டு ரியோ பாராலிம்பிக்கில் மாரியப்பன் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார்.

அந்த ஆசிரியரை நினைக்கையில் எனக்கு வெட்கமாக இருக்கிறது. என் மதரஸாவில் திக்கிப் பேசும் சிறுவன் ஒருவனை, நேரமாகுமென்று ஓதச் சொல்லாமல் பின்வரிசையிலேயே விட்டிருந்தேன். திக்கித் திக்கிச் சிரமப்பட்டுக் குர்ஆன் ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்னும் நபிமொழியை நடத்தியவனும் நானே.

ஒருநாள் காலை அவனை முன்னே அமர்த்தினேன். ஃபாத்திஹா அத்தியாயத்தை ஓதி முடிக்க நெடுநேரமாயிற்று. "ஆமீன்" என்று வகுப்பே சொன்னது.

பிள்ளைகளின் குறையைத் தாண்டி அவர்களைக் காணும் கண்ணை அல்லாஹ் நமக்கு அருள்வானாக.