பாலட்டன் ஏரியில் செத்து ஒதுங்கிய விலாங்கு

ஹங்கேரியில் 77 கி.மீ. நீளத்துக்குக் கிடக்கிறது பாலட்டன் ஏரி. சராசரி ஆழம் சுமார் 3 மீட்டர்தான். கோடையில் தண்ணீர் சீக்கிரம் சூடேறிவிடும். 1961 முதல் இதில் விலாங்குக் குஞ்சுகளை விட்டு வளர்த்தார்கள். 1991 கோடையில் அவை டன் கணக்கில் செத்துக் கரை ஒதுங்கின. அறுத்துப் பார்த்தபோது காற்றுப்பையில் உருளைப்புழுக்கள் இருந்தன.

இந்தப் புழுவின் பூர்வீகம் கிழக்காசியா. 1980-களின் தொடக்கத்தில், உயிருடன் இறக்குமதியான விலாங்குகளோடு ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. ஜப்பான் விலாங்குக்கு இது பழகிய புழு. பெரிய பாதிப்பு இல்லை. ஐரோப்பிய விலாங்குக்கோ தாங்கும் சக்தி குறைவு. புழு ரத்தத்தை உறிஞ்சுவதால் காற்றுப்பை தடித்துக் கெட்டுவிடும், மீன் நலிந்துபோகும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது.

வெளியூர்க் குஞ்சு வாங்கும் விவசாயிகள் நாலைந்தை அறுத்து, செவுள், குடல், காற்றுப்பை மூன்றையும் பார்த்த பிறகே குளத்தில் விடுவது நல்லது.